பட்டியலுக்குள் பட்டியல், ஸ்ட்ரீம் வழியே புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொபைல் செயலி எழுதுகிறவர்களை என்றாவது ஒருநாள் பாடாய்ப்படுத்தும் விஷயம் இது. வெளியே ஒரு பட்டியல், அதன் ஒவ்வொரு வரிக்குள்ளும் இன்னொரு பட்டியல், தரவு மாறினால் திரை தானாக மாற வேண்டும். தனிப் பட்டியலாக இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உள்ளே இன்னொன்று வந்ததும் அதே வேலை இரண்டு நாளைத் தின்றுவிடும்.

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: ஒரு பணிக்குறிப்புச் செயலி. வெளியே திட்டங்கள். ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் பணிகள். திட்டத்தின் தலைப்பில் ‘7-ல் 3 முடிந்தது’ என்று ஓர் எண்ணிக்கை. ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், ஃப்ளட்டர் மூன்றும் இடையிடையே வரும். கருவிகளின் பெயர் மாறுமே தவிர, மாட்டிக்கொள்கிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

ரியாக்டிவ் ஸ்ட்ரீம் என்கிறார்களே, சாதாரண கால்பேக்கிலிருந்து அதற்கு என்ன வித்தியாசம்?

கால்பேக் ‘வேலை முடிந்தது’ என்று சொல்லும், அத்தோடு சரி. ஸ்ட்ரீம் என்பது காலப்போக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும் மதிப்புகளின் வரிசை. அந்த வரிசையை வடிகட்டலாம், வேறு வரிசையோடு இணைக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், வேண்டாதபோது துண்டிக்கலாம். இந்த நான்கும்தான் நமக்கு வேண்டியவை.

மைக்ரோசாஃப்டில் எரிக் மெய்யரின் குழு உருவாக்கிய ரியாக்டிவ் எக்ஸ்டென்ஷன்ஸ் (சுருக்கமாக ஆர்எக்ஸ்) 2009-ல் வெளியானது. அதை ஜாவாவுக்குக் கொண்டுவந்து 2013-ல் ஆர்எக்ஸ்ஜாவா என்று வெளியிட்டது நெட்ஃபிளிக்ஸ். ஆண்ட்ராய்டு உலகுக்கு இந்தப் பழக்கம் அந்த வழியாகத்தான் வந்தது. இன்று ஆண்ட்ராய்டில் எழுதும் கோட்லின் மொழியில் ஃப்ளோ இருக்கிறது, ஆப்பிளில் 2019 முதல் காம்பைன் இருக்கிறது, ஃப்ளட்டரின் டார்ட் மொழியின் அடிப்படை நூலகத்திலேயே ஸ்ட்ரீம் இருக்கிறது.

உள்பட்டியலில் ஒரு பணியைச் சேர்த்தேன். தரவுத்தளத்தில் இருக்கிறது, லாகில் தெரிகிறது, திரையில் மட்டும் இல்லை. ஏன்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது: பழைய பட்டியலையே கையில் எடுத்து, அதற்குள் பணியைத் திணித்துவிட்டு, அதையே திரும்பவும் ஸ்ட்ரீமில் போட்டிருப்பீர்கள்.

கடைசி மதிப்பைக் கையில் வைத்திருக்கும் ஃப்ளோ வகையான ஸ்டேட்ஃப்ளோ, புதிய மதிப்பையும் பழைய மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் சமம் என்றால் யாருக்கும் எதுவும் சொல்லாது. நீங்கள் கொடுத்ததும் அது வைத்திருந்ததும் ஒரே பொருள் (ஆப்ஜெக்ட்) என்றால் சமமாகத்தானே இருக்கும்? ஆண்ட்ராய்டின் பழைய வழியான லைவ்டேட்டா இப்படி ஒப்பிடாது, கொடுத்ததை அப்படியே அனுப்பிவிடும். ஆனால் அடுத்த வாசலில், தரவைத் திரைப் பட்டியலுக்குக் கொடுக்கும் லிஸ்ட்அடாப்டர் நிற்கிறது. அதே பட்டியலை மறுபடி கொடுத்தால் ‘இதுதான் ஏற்கெனவே இருக்கிறதே’ என்று பேசாமல் திரும்பிவிடும். ஃப்ளட்டரில் வேல்யூநோட்டிஃபையருக்கும் இதே குணம்.

‘எனக்குத் தெரியும், அதனால்தான் காப்பி எடுத்தேனே’ என்பவர்கள்தான் உண்மையில் அதிகம் மாட்டுகிறார்கள். கோட்லின் டேட்டா கிளாஸில் காப்பி எடுத்தால் மேல்தோல் மட்டும்தான் புதிது. உள்ளே இருக்கும் பணிப்பட்டியல் பழைய திட்டத்துக்கும் புதிய திட்டத்துக்கும் பொதுவானது. அந்தப் பொதுப் பட்டியலில் ஒரு பணியைச் சேர்த்தால் பழைய திட்டமும் சேர்ந்தே மாறிவிடும். பிறகு இரண்டையும் ஒப்பிடும்போது வித்தியாசம் எங்கே தெரியும்? தனிப் பட்டியலில் ஒரு காப்பியோடு தப்பித்துவிடலாம். உள்ளே உள்ளே போகும்போது, மாறிய இடத்திலிருந்து மேலே வேர் வரைக்கும் ஒவ்வொரு படியையும் புதிதாக்க வேண்டும்: புதிய பணி, அதை வைத்திருக்கும் புதிய பணிப்பட்டியல், அதை வைத்திருக்கும் புதிய திட்டம், அதை வைத்திருக்கும் புதிய திட்டப்பட்டியல். தொடாத கிளைகளை மட்டும் பழையபடியே விடலாம், விடவும் வேண்டும். அப்போதுதான் எது மாறவில்லை என்பது சட்டென்று தெரியும்.

மாறக்கூடிய பட்டியல் வகையை மாடல் கிளாஸுக்குள் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் கெடுபிடியாகத் தெரியலாம். ஆனால் இந்தத் தவறைச் செய்ய வழியே இருக்காது.

ஸ்விஃப்டில் ஸ்ட்ரக்ட் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை, மதிப்பாகவே நகலாகும். கிளாஸ் வைத்தால் வேறு வடிவில் வரும். தன் மாற்றத்தைத் திரைக்கு அறிவிக்கும் ஓர் அப்சர்வபிள்ஆப்ஜெக்டுக்குள் இன்னோர் அப்சர்வபிள்ஆப்ஜெக்ட் இருந்தால், உள்ளே நடக்கும் மாற்றம் வெளியே கேட்காது. 2023-ல் ஐஓஎஸ் 17-உடன் வந்த அப்சர்வேஷன், திரை எந்தப் பண்பைப் படிக்கிறதோ அதையே கவனிப்பதால் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டது.

ஒவ்வொரு உள்பட்டியலுக்கும் தனி ஸ்ட்ரீமா, அல்லது மொத்தத் திரைக்கும் ஒன்றே போதுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். என் பதில்: திரைக்கு ஒரே ஸ்ட்ரீம். அதில் வரும் ஒவ்வொரு மதிப்பும் முழு மரம், அதாவது திட்டங்களும் அவற்றுக்குள் பணிகளும் அந்தக் கணத்தில் எப்படி இருக்கின்றனவோ அந்தப் படம்.

ஒவ்வொரு வரியும் தன் பணிகளைத் தானே கேட்டுக்கொள்ளட்டும் என்ற வடிவமைப்பு பார்க்க அழகாக இருக்கும். விட்ஜெட் (திரையின் ஒரு துண்டு) தன்னிறைவாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் தலைப்பில் இருக்கும் எண்ணிக்கை ஒரு ஸ்ட்ரீமிலிருந்தும், கீழே இருக்கும் பணிகள் இன்னொரு ஸ்ட்ரீமிலிருந்தும் வரும். ஒரு பணியை முடித்ததாகக் குறித்ததும் தலைப்பு ‘4 முடிந்தது’ என்று சொல்லும், கீழே மூன்று டிக் மட்டும் இருக்கும். ஒரு ஃபிரேம் கழித்துச் சரியாகிவிடும்தான், ஆனால் கண் அதைப் பிடித்துவிடும். அதோடு ஸ்க்ரோல் செய்யும்போதெல்லாம் வரிகள் தோன்றுவதும் மறைவதுமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் சப்ஸ்கிரைப் செய்வதும் (ஸ்ட்ரீமைக் கேட்கத் தொடங்குவதும்) துண்டிப்பதும் உங்கள் பொறுப்பு. எங்காவது ஒன்று விட்டுப்போகும்.

மரத்தைக் கட்டுவதற்கு நூறு ஸ்ட்ரீம்களை இணைக்க வேண்டியதில்லை. எல்லாத் திட்டங்களும் ஒரு ஸ்ட்ரீம், எல்லாப் பணிகளும் ஒரு ஸ்ட்ரீம். இரண்டையும், ஒவ்வொன்றின் கடைசி மதிப்பையும் சேர்த்துத் தரும் கம்பைன்லேட்டஸ்ட் கொண்டு இணைத்து, பணிகளைத் திட்டத்தின் ஐடிப்படி பிரித்து அடுக்கினால் போதும். சில ஆயிரம் பணிகள் வரை இதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம், திரையை வரையும் முதன்மை த்ரெட்டுக்கு வெளியே செய்தால் சரி. உரிய திட்டம் இல்லாத பணிகள் அடுக்கும்போதே உதிர்ந்துவிடும். புதிய திட்டமும் அதன் பணிகளும் ஒன்றாகச் சேரும்போது மட்டும், ஒரு கணம் வெறும் திட்டம் தெரியலாம். அதையும் தவிர்க்க, ஆண்ட்ராய்டின் தரவுத்தள நூலகமான ரூமைப் பயன்படுத்துகிறவர்கள் ரிலேஷன் குறிப்பை ட்ரான்சாக்ஷன் குறிப்போடு சேர்த்து எழுதி, மரத்தைத் தரவுத்தளத்திடமிருந்தே வாங்கிக்கொள்ளலாம்.

விதிவிலக்கு உண்டு. ஒரு பணியோடு இணைந்த கோப்பு பதிவிறங்கிக்கொண்டிருக்கிறது, சதவீதம் விநாடிக்குப் பலமுறை மாறுகிறது என்று வையுங்கள். அதை மரத்துக்குள் போட்டால் ஒரு சதவீதத்துக்காக முழு மரமும் திரும்பத் திரும்பக் கட்டப்படும். அந்த எண்ணை மட்டும் பணியின் ஐடிப்படி தனி ஸ்ட்ரீமாக வைத்து, அந்தச் சிறு விட்ஜெட்டே கேட்கட்டும்.

வேகமாக ஸ்க்ரோல் செய்தால் ஒரு திட்டத்துக்குக் கீழே வேறு திட்டத்தின் பணிகள் வருகின்றன. தரவுத்தளம் கெட்டுவிட்டதா?

இல்லை. நானும் முதலில் அங்கேதான் தேடினேன். சோதித்தவர் அனுப்பிய காணொளியில் தெளிவாகத் தெரிந்தது, என் கையில் மட்டும் வரவே இல்லை. இரண்டு நாள் வினவல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரலைச் சுண்டிச் சுண்டி ஸ்க்ரோல் செய்கிறவர், நான் மெதுவாகத் தள்ளுகிறவன் என்பதுதான் வித்தியாசம்.

ஆண்ட்ராய்டின் பட்டியல் கருவியான ரீசைக்ளர்வியூ, பெயருக்கேற்றபடி வரிகளை மறுபயன்பாடு செய்யும். மேலே மறைந்த வரியின் வியூஹோல்டர் (வரியைத் தாங்கும் கூடு) கீழே புதிய திட்டத்துக்காக வரும். அதில் தரவை நிரப்பும்போது, அதாவது பைண்ட் செய்யும்போது, புதிய திட்டத்தின் பணிகளுக்கு சப்ஸ்கிரைப் செய்தேன், பழைய சப்ஸ்கிரிப்ஷனைத் துண்டிக்கவில்லை. ஆக ஒரே வரிக்கு இரண்டு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள், கடைசியாக எழுதினவர் வென்றார். வரிக்குள் சப்ஸ்கிரைப் செய்தே ஆக வேண்டும் என்றால், பைண்ட் தொடங்கும்போதும் வரி மறுசுழற்சிக்குப் போகும்போதும், இரண்டு இடத்திலும் பழையதைத் துண்டியுங்கள். முந்தைய பதிலில் சொன்ன ஒற்றை ஸ்ட்ரீமுக்கு மாறினால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. நான் மாறியதும் அதனால்தான்.

கம்பைன்லேட்டஸ்ட் போட்டேன். ஒரு திட்டம்கூட இல்லாத புதுப் பயனருக்கு லோடிங் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

திட்டங்களின் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உள்ஸ்ட்ரீம் உருவாக்கி, அத்தனையையும் இணைத்திருப்பீர்கள். இணைக்க எதுவுமே இல்லாதபோது கோட்லின் ஃப்ளோவிலும் ஆர்எக்ஸ் குடும்பத்திலும் அது ஒரு மதிப்பும் தராமல் முடிந்துவிடும். காலிப் பட்டியல் என்ற செய்திகூட வராது. வெளிப்பட்டியல் காலியாக இருந்தால் நீங்களே காலிப் பட்டியலை ஒரு மதிப்பாக அனுப்பும் கிளையைச் சேருங்கள்.

இதன் தம்பி ஒருவர் இருக்கிறார்: கம்பைன்லேட்டஸ்ட் எல்லா ஸ்ட்ரீமும் குறைந்தது ஒரு மதிப்பாவது தரும்வரை வாய் திறக்காது. ஒரே ஒரு உள்ஸ்ட்ரீம் வலைப்பின்னலுக்காகக் காத்திருந்தால் மற்ற எல்லாரும் அதற்காகக் காத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்க மதிப்பு கொடுத்துவிடுங்கள்.

ஒரு பணியில் டிக் போட்டால் அந்தத் திட்டத்தின் முழு அட்டையும் ஒருமுறை மின்னி மறைகிறது. எப்படி நிறுத்துவது?

வெளிப்பட்டியலின் கண்ணில் ‘திட்டம்’ என்ற பொருள் மாறிவிட்டது. எந்தப் பகுதி என்று அதற்குத் தெரியாது. அதனால் முழு வரியையும் புதிதாக வரைந்து, பழையதை மங்கவிட்டுப் புதியதைத் தெளியவிடுகிறது. அந்த மங்கல்தான் மின்னலாகத் தெரிகிறது.

பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிடும் (இந்த ஒப்பீடுதான் டிஃப்) ஆண்ட்ராய்டின் ‘டிஃப்யூட்டில்’ என்ற கருவி, இரண்டு கேள்விகளை வெவ்வேறாகக் கேட்கிறது: இது அதே ஆள்தானா, அதே ஆள் என்றால் உடை மாறியிருக்கிறதா? முதல் கேள்விக்கு ஐடியை மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டாவதற்கு உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். இரண்டிலும் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டால், டிக் போட்டதும் ‘பழைய திட்டம் போனது, புதிய திட்டம் வந்தது’ என்று அது முடிவுகட்டும். இதைச் சரிசெய்த பிறகும் மின்னினால், மூன்றாவதாக ஒரு வசதி இருக்கிறது: என்ன மாறியது என்பதை பேலோடாகச் சொல்லலாம். பேலோட் வந்தால் அதே வியூஹோல்டரே தொடரும். பைண்டில் அதைப் பார்த்து, உள் அடாப்டருக்குப் புதிய பணிப்பட்டியலை மட்டும் கொடுத்துவிடுங்கள். மீதியை உள்ளே இருக்கும் டிஃப் பார்த்துக்கொள்ளும்.

ஐஓஎஸ்ஸில் இதே ஒப்பீட்டைச் செய்யும் டிஃபபிள் டேட்டாசோர்ஸ் ஐஓஎஸ் 13 முதல் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் ஸ்னாப்ஷாட்டில் முழு மாடலையும் வைக்காமல் ஐடியை மட்டும் வையுங்கள். உள்ளடக்கம் மட்டும் மாறினால் ரீலோட் வேண்டாம், ஐஓஎஸ் 15-ல் வந்த ரீகான்ஃபிகர் போதும்: இருக்கும் செல்லையே திருத்தும். ஆண்ட்ராய்டின் திரை வரையும் நூலகமான கம்போஸில், ‘லேஸிகாலம்’ என்ற பட்டியலின் வரிகளுக்குக் கீ (அடையாளக் குறி) கொடுக்காவிட்டால் வரியின் இடமே கீயாகிவிடும். நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்குக் கீழே உள்ள எல்லாருடைய அடையாளமும் ஒரு படி நகரும். ஃப்ளட்டரில் இதே வேலைக்கு வேல்யூகீ இருக்கிறது.

சில நேரம் ஐடியே இருக்காது. சர்வர் வெறும் பெயர்களை அனுப்பும். பெயரையே ஐடியாக வைக்காதீர்கள், ஒரே பெயரில் இரண்டு வந்தால் கம்போஸ் செயலியையே வீழ்த்திவிடும். தரவு உள்ளே நுழையும் இடத்தில் ஓர் ஐடியை உருவாக்கிச் சேமித்துக்கொள்ளுங்கள். திரையில் வரையும்போது உருவாக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகிவிடும்.

இந்த டிஃப் கணக்கே செயலியை மெதுவாக்காதா?

பட்டியல் பெரிதானால் ஆக்கும். ‘டிஃப்யூட்டில்’ யூஜீன் மையர்ஸின் அல்காரிதத்தைப் பயன்படுத்துகிறது. பட்டியலின் நீளத்தைவிட, எத்தனை இடத்தில் மாற்றம் என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கூகுளின் ஆவணத்தில் நெக்சஸ் 5எக்ஸில் அளந்த கணக்கு இருக்கிறது: 1000 வரிகளில் 200 மாற்றங்களுக்குச் சராசரியாக 27 மில்லிவிநாடி, இடமாற்றம் தேடுவதை நிறுத்தினால் அதில் பாதி. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடிதான், 120 ஹெர்ட்ஸில் 8.3. முதன்மை த்ரெட்டில் செய்தால் தடுக்கும் என்பது கணக்கிலேயே தெரிகிறது. லிஸ்ட்அடாப்டர் இதைப் பின்னணி த்ரெட்டில் செய்கிறது.

ஒரே திசையில் ஸ்க்ரோல் ஆகும் பட்டியலுக்குள் இன்னொன்றை வைத்தால் பிழை வருகிறது. உயரத்தை நிர்ணயிக்கச் சொல்கிறது.

கம்போஸ் நேராகவே மறுத்துவிடும்: எல்லையற்ற உயரம் என்று பிழை காட்டி நின்றுவிடும். ஃப்ளட்டரிலும் உயரம் வரையறுக்கப்படவில்லை என்று திட்டும். பலர் உடனே, உள்ளடக்கத்தின் உயரத்துக்கே பட்டியலைச் சுருக்கும் ஷ்ரிங்க்ராப் அமைப்பை இயக்கிவிடுகிறார்கள். பிழை போய்விடும், கூடவே, திரையில் தெரியும் வரிகளை மட்டும் சோம்பேறித்தனமாக வரையும் வசதியும் போய்விடும். உயரத்தை அளக்க உள்ளே இருக்கும் அத்தனை வரியையும் கட்ட வேண்டியிருக்கும். நெஸ்டெட்ஸ்க்ரோல்வியூவுக்குள் ரீசைக்ளர்வியூவை வைப்பதும் இதே கதை. இருபது வரியில் தெரியாது, இரண்டாயிரத்தில் தெரியும்.

என் பரிந்துரை: திரையில் நெஸ்டிங்கே (பட்டியலுக்குள் பட்டியல்) வேண்டாம். தரவு மரமாகவே இருக்கட்டும், திரைக்குப் போகும் முன் தட்டையாக்கிவிடுங்கள். திட்டத் தலைப்பு, பணி, பணி, பணி, அடுத்த திட்டத் தலைப்பு, பணி என்று ஒரே வரிசை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வகை, ஓர் ஐடி. ஒரே டிஃப், ஒரே ஸ்க்ரோல், ஒரே மறுசுழற்சிக் குளம். டிக் போட்டதும் அட்டை மின்னிய அந்த மின்னலும் தலைப்பு வரி ஒன்றோடு நின்றுவிடும். ஃப்ளட்டரில் கஸ்டம்ஸ்க்ரோல்வியூவுக்குள் ஸ்லிவர்களாக (ஸ்க்ரோலின் துண்டுகளாக) அடுக்கலாம்.

வெளியே செங்குத்து, உள்ளே கிடைமட்டம் என்றால் தட்டையாக்க முடியாது. அங்கே நெஸ்டிங் நியாயமானது. ஆண்ட்ராய்டில் எல்லா உள்பட்டியலுக்கும் ஒரே ரீசைக்கிள்டுவியூபூலை (மறுசுழற்சிக் குளத்தை) பகிருங்கள்.

புதுப்பித்ததும் உள்பட்டியல் ஸ்க்ரோல் ஆரம்பத்துக்கே திரும்பிவிடுகிறது.

இரண்டு காரணங்களில் ஒன்று. வெளிவரி புதுப்பிக்கப்படும்போது உள் அடாப்டரையே புதிதாக உருவாக்குகிறீர்கள். அதை ஒருமுறை மட்டும் உருவாக்கி, பிறகு பட்டியலை மட்டும் மாற்றுங்கள். அல்லது வரி திரைக்கு வெளியே போய்த் திரும்பி வருகிறது. அப்போது ஸ்க்ரோல் நிலையைத் திட்டத்தின் ஐடிப்படி எங்காவது சேமித்து மீட்க வேண்டும். ஃப்ளட்டரில் பேஜ்ஸ்டோரேஜ்கீ இதற்கென்றே இருக்கிறது.

சர்வரிலிருந்து விநாடிக்கு ஐம்பது மாற்றம் வருகிறது. டிபவுன்ஸ் போடலாமா?

தேடல் பெட்டிக்கு டிபவுன்ஸ் பொருத்தம். இடைவிடாத ஓட்டத்துக்குப் பொருந்தாது. ‘300 மில்லிவிநாடி அமைதி கிடைத்தால் சொல்கிறேன்’ என்பது அதன் ஒப்பந்தம். அமைதியே கிடைக்காவிட்டால் எப்போதும் சொல்லாது. பரபரப்பான நேரத்தில்தான் திரை உறைந்துபோகும், ஓய்ந்த பிறகு ஒரேயடியாக மாறும். சாம்பிள் அல்லது த்ராட்டில்லேட்டஸ்ட் போடுங்கள்: எவ்வளவு வந்தாலும் குறித்த இடைவெளிக்கு ஒருமுறை கடைசி நிலையைத் தரும். ஃப்ளோவில் கான்ஃப்லேட் போட்டால், திரை ஒன்றைக் கையாள்வதற்குள் வந்துபோன இடைநிலைகள் உதிர்ந்து புதியது மட்டும் கிடைக்கும்.

நாம் அனுப்புவது முழு மரம் என்பதால்தான் நடுவில் சிலவற்றை உதிர்க்க முடிகிறது. ‘ஒரு பணி சேர்ந்தது’, ‘ஒன்று போனது’ என்று மாற்றங்களை மட்டும் அனுப்பும் வடிவமைப்பில் ஒன்றை உதிர்த்தாலும் கணக்கு தப்பிவிடும்.

ஒரு திட்டத்தை மட்டும் கவனிக்கிறேன். வேறு திட்டத்தில் மாறினாலும் ரூம் எனக்கும் அனுப்புகிறதே?

அது அப்படித்தான். எந்த வரி மாறியது என்று ரூம் பார்ப்பதில்லை, எந்த அட்டவணை மாறியது என்று மட்டுமே பார்க்கிறது. பணி அட்டவணையில் எங்கே தொட்டாலும், அதைக் கவனிக்கும் எல்லா வினவலும் மறுபடி ஓடும். வினவலுக்குப் பின்னால், முந்தையதற்குச் சமமான மதிப்பைத் தடுக்கும் டிஸ்டிங்க்ட்அன்டில்சேஞ்ச்ட் சேருங்கள். வினவல் ஓடுவது நிற்காது, திரை வீணாக வரையப்படுவது நிற்கும். நூறு பணிகளைச் சேர்க்கும்போது ஒரே ட்ரான்சாக்ஷனில் சேருங்கள், நூறு அறிவிப்பு ஒன்றாகும்.

ஃபயர்ஸ்டோரில் திட்ட ஆவணத்தைக் கவனிக்கிறேன். உள்ளே இருக்கும் பணிகள் ஏன் வரவில்லை?

கூகுளின் மேகத் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோரில் ஓர் ஆவணத்தைக் கேட்டால் அந்த ஆவணம் மட்டும்தான் வரும், அதன் கீழே வைத்த துணைத்தொகுப்புகள் வராது. கூகுளின் இன்னொரு தரவுத்தளமான ரியல்டைம் டேட்டாபேஸ் இதற்கு நேர்மாறு: மேல்முனையைக் கேட்டால் கீழே உள்ள எல்லாமே கொட்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறவர்கள் இங்கே தடுமாறுவது சகஜம்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி லிஸனர் வைப்பதைவிட, ஒரே பெயருள்ள எல்லாத் துணைத்தொகுப்புகளிலும் தேடும் கலெக்ஷன் குரூப் வினவலால் அந்தப் பயனரின் எல்லாப் பணிகளையும் ஒரே ஸ்ட்ரீமாக எடுத்து நீங்களே அடுக்குவது மேல். அதற்குப் பணி ஆவணத்திலேயே திட்ட ஐடியும் பயனர் ஐடியும் இருக்க வேண்டும். பணிகள் சில பத்துகள்தான் என்றால் திட்ட ஆவணத்துக்குள்ளேயே ஓர் அரேயாக வைத்துவிடலாம். ஆவணத்துக்கு 1 மெபிபைட் உச்சவரம்பு இருப்பதை மறக்க வேண்டாம்.

பணியின் பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கர்சர் தாவுகிறது, சில எழுத்துகள் காணாமல்போகின்றன.

தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தரவுத்தளத்துக்குப் போய், ஸ்ட்ரீமாகத் திரும்பி வந்து, பெட்டியில் எழுதப்படுகிறது. போய்வருவதற்குள் நீங்கள் இன்னும் இரண்டு எழுத்து தட்டிவிடுகிறீர்கள், பழைய வரி வந்து அதை மூடுகிறது. தமிழில் தட்டுவோருக்கு இது இன்னும் மோசம்: கீபோர்டு ஓர் எழுத்தை முழுமையாக்கும் முன்பே நடுவில் அழித்து எழுதினால் உயிர்மெய் உடைந்துபோகும்.

திருத்திக்கொண்டிருக்கும் வரிக்கு ஸ்ட்ரீமைக் காட்டாதீர்கள். ஃபோகஸ் வந்ததும் ஒரு வரைவு எடுத்துக்கொள்ளுங்கள், ஃபோகஸ் போகும்போதோ சற்று நேரம் கழித்தோ சேமியுங்கள். அதுவரை பெட்டிக்கு வரைவுதான் எஜமான்.

டிக் போட்டதும் விழுகிறது, உடனே போய்விடுகிறது, பிறகு மறுபடி வருகிறது.

திரையில் முன்கூட்டியே மாற்றிவிட்டீர்கள், சர்வருக்கும் அனுப்பிவிட்டீர்கள். அதற்குள் வேறு காரணத்துக்காக சர்வரிலிருந்து பழைய நிலை ஒன்று வந்து திரையை மேலெழுதிவிட்டது. உறுதியாகாத மாற்றங்களை ஐடிப்படி தனி ஸ்ட்ரீமில் வைத்து, சர்வர் தரவின்மேல் அவற்றைப் பூசித் திரைக்கு அனுப்புங்கள். உறுதியானதும் அந்தப் பூச்சை நீக்குங்கள், தோற்றாலும் நீக்கிவிட்டு ஒரு செய்தி காட்டுங்கள். எந்த வரி விரிந்திருக்கிறது, எது சுருங்கியிருக்கிறது என்பதையும் இதே முறையில் வைக்கலாம்: விரிந்த ஐடிகளின் தொகுப்பு ஒரு ஸ்ட்ரீம், மரத்தோடு இணைப்பு. அதைத் தரவுத்தளத்தில் எழுத வேண்டிய அவசியமில்லை.

ஓர் உள்ஸ்ட்ரீமில் பிழை வந்ததும் முழுத் திரையும் செத்துவிட்டது. அதன்பின் எந்தப் புதுப்பிப்பும் வரவில்லை.

ஆர்எக்ஸ், ஃப்ளோ, காம்பைன் மூன்றிலும் பிழை என்பது ஸ்ட்ரீமின் மரணம். இணைத்த ஸ்ட்ரீமில் ஒருவர் போனால் எல்லாரும் போனார்கள். டார்ட் ஸ்ட்ரீம் பிழைக்குப் பிறகும் தொடரக்கூடியது, அதனால் ஃப்ளட்டரிலிருந்து வருகிறவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. பிழையை இணைப்புக்குப் பின்னால் பிடிக்காமல் உள்ஸ்ட்ரீமுக்குள்ளேயே பிடித்து, ‘இந்தத் திட்டத்தின் பணிகள் கிடைக்கவில்லை’ என்ற ஒரு மதிப்பாக மாற்றி அனுப்புங்கள். அந்த ஓர் அட்டையில் மட்டும் ‘மீண்டும் முயல்க’ பொத்தான் வரும், மற்றவை வாழும்.

ஃப்ளட்டரில் ஒவ்வொரு முறையும் ஒரு கணம் லோடிங் சக்கரம் எட்டிப்பார்க்கிறதே?

விட்ஜெட்டை வரையும் பில்ட் முறைக்குள்ளேயே ஸ்ட்ரீமை உருவாக்குகிறீர்கள். மேலே எது மாறினாலும் பில்ட் ஓடும், புதிய ஸ்ட்ரீம் பிறக்கும், ஸ்ட்ரீம்பில்டர் பழையதை விட்டுவிட்டுக் காத்திருக்கும் நிலைக்குப் போகும். ஸ்ட்ரீமை, விட்ஜெட் பிறக்கும்போது மட்டும் ஓடும் இனிட்ஸ்டேட்டில் ஒருமுறை உருவாக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஏற்கெனவே கேட்கப்படுகிறது’ என்ற பிழை வந்தால், ஒருவர் மட்டும் கேட்கக்கூடிய ஸ்ட்ரீமை இரண்டு பேர் கேட்கிறார்கள். பலர் கேட்கக்கூடிய பிராட்காஸ்ட் ஆக்கினால் பிழை போகும், ஆனால் தாமதமாக வந்தவருக்குக் கடைசி மதிப்பு கிடைக்காது. ஆர்எக்ஸ்டார்ட்டின் பிஹேவியர்சப்ஜெக்ட் அதைக் கொடுக்கும்.

செயலி பின்னணிக்குப் போனாலும் ஸ்ட்ரீம் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். ஆண்ட்ராய்டில் ரிபீட்ஆன்லைஃப்சைக்கிள் கொண்டு திரை தெரியும்போது மட்டும் கேளுங்கள். வியூமாடலில் ஸ்டேட்ஃப்ளோவாக மாற்றும்போது, கேட்பவர் போன பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று சொல்லும் வைல்சப்ஸ்கிரைப்டுக்கு 5000 மில்லிவிநாடி கொடுப்பது பரவலான பழக்கம். போனைத் திருப்பினால் திரை அழிந்து பிறக்க ஆகும் நேரம் அதைவிட மிகக் குறைவு என்பதால் இணைப்பு அறுபடாது. உண்மையிலேயே பின்னணிக்குப் போனால் ஐந்து விநாடியில் மேலே உள்ள வினவலும் நிற்கும்.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

மரம் கட்டும் பகுதியைத் திரையில்லாமல் சோதியுங்கள். இரண்டு போலி ஸ்ட்ரீம், ஒரு வெளியீடு. நான் தவறாமல் எழுதும் சோதனைகள்: திட்டமே இல்லை; திட்டம் உண்டு, பணி இல்லை; பணி ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்கிறது; திட்டம் அழிகிறது, அதன் பணிகள் தாமதமாக அழிகின்றன; தொடாத திட்டத்தின் பொருள் அதே பொருளாகவே இருக்கிறது. கடைசிச் சோதனையைப் பலர் எழுதுவதில்லை. தேவையில்லாமல் எல்லாக் கிளையையும் புதிதாக்கும் தவறு அதில்தான் பிடிபடும்.

ஃப்ளோவுக்கு டர்பைன் நூலகம் வசதியானது. ஸ்டேட்ஃப்ளோவைச் சோதிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: அடுத்தடுத்து மூன்று மதிப்பு போட்டால் மூன்றும் வந்துசேரும் என்ற உத்தரவாதம் இல்லை, நடுவில் உள்ளவை விழுங்கப்படலாம். ஒவ்வொரு படியையும் எண்ணும் சோதனை இன்று பச்சையாகவும் நாளை சிவப்பாகவும் வரும். கடைசி நிலையை மட்டும் சரிபாருங்கள்.